பெயர் வளையலாம், முறியக் கூடாது

(செம்பூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுப் பிரச்சினை இருக்கிறது, தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறது, விலைவாசி இருக்கிறது; இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பெயரைப் பற்றி ஒரு கூட்டமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். வீட்டுப் பிரச்சினையைப் பேசுவதற்காகத்தான் பெயரைப் பேச வந்திருக்கிறோம். எப்படி என்று கேளுங்கள்.

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம் அல்லவா? அங்கே ஓர் அம்மா வந்தார். அவர் மனம் நோகாமலிருக்கப் பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறோம். பூங்கோதை என்று வைத்துக் கொள்ளுங்கள். கணவர் பெயர் சண்முகம், காலமாகிவிட்டார். குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு கட்டப் போகிறார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பே அங்கே குடியிருந்தோம் என்று காட்டினால்தான் இலவச வீட்டுக்கு உரிமை. அந்த அம்மா அதற்கும் வெகு முன்பிருந்து அங்கேயே இருப்பவர். ஒரு துணிப்பை நிறையக் காகிதம் கொண்டு வந்தார். ரேஷன் கார்டில் 'பூங்கோடை'. வாக்காளர் பட்டியலில் 'பூங்கோதாய்'. பழைய லைட் பில்லில் 'பூனம்'. ஆதார் அட்டையில் மட்டும் சரியான பெயர். ரேஷன் கார்டில் குடும்பப்பெயராகக் கணவரின் சாதிப் பட்டம். ஆதாரில் கணவரின் பெயர். அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "இதில் நீ யார்?"

தோழர்களே, நாற்பது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த ஒருத்தியைப் பார்த்து, நீ யார் என்று கேட்க வைத்தது எது? காகிதங்கள் யாவும் உண்மையானவையே. அவற்றிலிருந்த பெயர்தான் ஒன்றாக இல்லை. ஆகவே பெயர் என்பது இந்நகரத்தில் வீட்டுரிமை, பென்சன் உரிமை, படிப்புரிமை. இதை நாம் அறிந்து பேச வேண்டும்.

நாவின் வழக்கம்

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுவோம். பிறமொழிக்காரர் நம் பெயரைத் திருத்தமாக உச்சரிக்கவில்லை என்று கோபப்படுவதில் பயனில்லை. நாவுக்கு அதனதன் பழக்கம் உண்டு. அந்தக் குற்றத்தை உலகில் யாரேனும் செய்திருந்தால் நாமும் செய்திருக்கிறோம். குற்றம் என்பதைவிட அதை இலக்கணமாகவே நாம் வைத்திருக்கிறோம். வடமொழிச் சொல்லைத் தமிழில் எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியமே விதி செய்கிறது. கம்பன் லட்சுமணனை இலக்குவன் ஆக்கினான். விபீடணனை வீடணன் ஆக்கினான். இன்றைக்கும் சவாண் என்ற மராத்திப் பெயரை அவர்கள் சொல்வது போல் நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? மராத்தியில் சகரத்துக்கு இரண்டு ஒலி. நமக்கு இரண்டும் ஒன்றே.

ஊர்ப் பெயரையும் நாம் விட்டதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரையே பாருங்கள். மராத்தியர் சொல்லும் பெயரைச் 'செம்பூர்' என்று நாம் எழுதியவுடனே அது நெல்லைச் சீமையில் எங்கோ இருக்கும் ஊர் போலாகிவிட்டது. அதோடு நின்றோமா? சேடா நகரில் முருகனுக்குக் கோயில் எழுப்பி, திருச்செந்தூர் என்பது போல் 'திருச்செம்பூர்' என்று திருவும் சேர்த்துவிட்டோம். இதனால் எந்த மராத்தியரும் கோபித்துக் கொள்ளவில்லை. அன்போடு வளைப்பதில் அவமதிப்பு இல்லை.

தானாகவே விரும்பித் தன் பெயரை மாற்றிக் கொண்டவர்களும் உண்டு. இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், உறுதி என்னும் பொருள்பட்ட தம் இயற்பெயரைத் தைரியநாதர் என்று தமிழாக்கி வைத்துக் கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் ஆனார். 'தேம்பாவணி'யில் யோசேப்புக்கு 'வளன்' என்று பெயரிட்டதும் அவரே. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, 1818இல் கிணறு வெட்டிப் பொறித்த கல்வெட்டில் எல்லீசன் என்றே காணப்படுகிறார். அவர்கள் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் மக்களின் நாவுக்கு எளிதாக இருக்கட்டுமென்று தாமே வளைத்துக் கொண்டார்கள்.

ஆக, வேலையிடத்தில் கார்த்திகேயனைக் கார்த்திக் என்று அழைக்கட்டும். அறிவழகனை அறிவு என்று அழைக்கட்டும். பெயருக்குரியவன் சம்மதித்தால் நமக்கும் சம்மதமே. கேள்வி ஒன்றுதான்: வளைத்தவர் யார்? பெயருக்குரியவனா, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனா?

எழுத்தின் குழப்பம்

அடுத்தது எழுத்து. இங்கே பாதிக் குழப்பத்துக்கு நாமே காரணம் என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் நாம் தகரத்தை ஆங்கிலத்தில் 'டி' போட்டு 'எச்' போட்டு எழுதுகிறோம். டகரத்துக்கு வெறும் 'டி' வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு. வடக்கே அப்படி இல்லை. 'எச்' சேர்த்தால் அது மூச்சோடு சொல்ல வேண்டிய வேறோர் எழுத்து. ஆகவே நம் கீதா, கவிதா, செந்தில் ஆகியோரின் பெயர்களை ஆங்கிலத்தில் பார்த்து மராத்தியில் எழுதும் குமாஸ்தா, மூச்சுத் தகரத்தைப் போட்டுவிடுகிறார். அவர் மேல் பிழையில்லை. நாம் கொடுத்த 'எச்' அது. 'எச்' இல்லாமல் எழுதிக் கொடுத்தாலும் ஆபத்துத்தான்: பூங்கோதை பூங்கோடை ஆகிவிடுவாள்.

ழகரத்தின் கதை இன்னும் வேடிக்கை. 'இசட் எச்' என்று நாம் எழுதுகிறோம். அதை மராத்தியரும் இந்திக்காரரும் ஜகரம் போலப் படிக்கிறார்கள். கவிஞர் கனிமொழி எத்தனையோ ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தும், வடநாட்டுச் செய்தித்தாள்களில் அவர் 'கனிமொஜி'யாகவே இருக்கிறார். நாடறிந்தவருக்கே இந்தக் கதியென்றால் மங்கல்வாடியில், தாராவியில் இருப்பவர் பாடு என்ன?

இதிலே ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. தமிழ் உணர்ச்சி மேலோங்கிய காலத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து நம் பெற்றோர் நமக்கு எழிலன், யாழினி, தமிழ்ச்செல்வி, மலர்விழி என்று பெயரிட்டார்கள். அழகழகான பெயர்கள், ஆனால் ழகரம் நிரம்பிய பெயர்கள். அந்தப் பெயர்களைத் தூக்கிக் கொண்டு, ழகரமே இல்லாத நகரத்துக்கு வேலை தேடி வந்தோம்!

வந்ததில் தவறில்லை, வழியும் இருக்கிறது. மராத்தியில் நம் ளகரம் உண்டு. இந்தியிலே அது வழக்கில் இல்லை, மராத்தியிலே உண்டு. தமிழ் என்பதை அவர்கள் ளகரம் இட்டே எழுதுகிறார்கள். ஆகவே ஆங்கிலத்திலிருந்து அவர்களாகவே பெயர்த்து எழுதட்டும் என்று விட்டுவிடாமல், ழகரத்துக்கு ளகரமும், தகரத்துக்கு மூச்சில்லாத் தகரமும் இட்டு, நாமே மராத்தி எழுத்தில் பெயரை எழுதிக் கொடுத்தால் முக்கால் பங்கு குழப்பம் தீரும். மலர்விழி மலர்விளி ஆவாள், ஆகட்டும். மலர்விஜி ஆவதைவிட மேல் அல்லவா? நம்மூரிலேயே ழகரத்தை ளகரமாகச் சொல்லுகிறவர்கள் பாதிப்பேர் இருக்கிறோம்!

படிவத்தின் கட்டம்

இனிதான் இன்றைய பேச்சின் சாரம். ஒலி வளைவதும் எழுத்து மாறுவதும் சிறிய சங்கடங்கள். பெரிய சங்கடம் படிவத்தில் இருக்கும் ஒரு சிறிய கட்டம். "துமச்ச ஆட்நாவ் காய்?" என்று கேட்கிறார்களே, அந்தக் குடும்பப்பெயர்க் கட்டம்.

மராத்தியர் வழக்கம் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று. குடும்பப்பெயர் ஊரைச் சொல்லும், அல்லது பழைய உத்தியோகத்தைச் சொல்லும். குல்கர்ணி என்றால் கிராமக் கணக்கர். பாட்டீல் என்றால் கிராமத் தலைவர். அண்ணல் அம்பேத்கரின் பெயரும் இரத்தினகிரி மாவட்டத்து அம்படவே என்னும் ஊரிலிருந்து வந்ததுதான். அது அவர்கள் மரபு. பல வேளைகளில் அந்தக் குடும்பப்பெயரைக் கேட்டே இன்ன சாதி என்று கணித்துவிடுவதும் அங்கே நடக்கிறது.

நம் மரபு வேறு. நமக்கு ஊரில் ஒரு பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து; அவ்வளவே. ஒரு காலத்தில் நமக்கும் வால் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. ஈ.வெ. ராமசாமி நாயக்கர் என்றிருந்தவர் ஈ.வெ. ராமசாமி ஆனார். பிறகு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலிருந்து கடைப் பெயர்ப்பலகை வரைக்கும் பட்டங்கள் உதிர்ந்தன. பட்டம் போனதால் சாதி போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். நம்மூர்ச் செய்தியைப் படிப்பவர் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவன் பெயரைக் கேட்ட மாத்திரத்திலே அவனை எங்கே உட்கார வைப்பது என்று கணக்கிட முடியாமற் போயிற்றே, அது சிறிய வெற்றியன்று. இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பரவலாகக் கிட்டாத வெற்றி.

அந்த வெற்றியை நாம் தாதர் ஸ்டேஷனில் இறங்கியதும் என்ன செய்தோம்? படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "ஆட்நாவ் இல்லாமல் எழுத முடியாது" என்றார்கள். ஊரிலே பாட்டனார் காலத்தோடு மறைந்த பட்டத்தைத் தேடியெடுத்து அந்தக் கட்டத்திலே உட்கார வைத்தோம். நாடார், தேவர், கோனார், முதலியார், ஐயர், பிள்ளை என்று நம் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஊரிலே விட்ட வாலை இங்கே வந்து ஒட்டிக் கொண்டிருக்கிறோம். சொல்ல ஒரு 'மரியாதையான' பட்டம் இல்லாதவன் அந்தக் கட்டத்துக்கு முன்னால் என்ன பாடு பட்டிருப்பான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதைச் செய்யாதவர்கள் தந்தை பெயரைப் போட்டார்கள். அது பரவாயில்லை, ஆனால் அதிலும் சிக்கல் வந்தது. வகுப்பிலே ஆசிரியர் குடும்பப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "ஏ முருகேசன், எழுந்து நில்!" என்பார். நம் வீட்டில் பெரியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை, அப்பன் பெயருக்கு ஆஜர் சொல்லி எழுந்து நிற்பான். வங்கியில் 'மிஸ்டர் இராமசாமி' என்றால் அது பதினைந்து ஆண்டுக்கு முன் காலமான தந்தை. மருமகள் வந்தால் கணவன் பெயர் அவளுக்குக் குடும்பப்பெயர். மாமனாருக்கு வேறு குடும்பப்பெயர். ஒரே வீடு, இரண்டு தலைமுறை, மூன்று குடும்பப்பெயர்! பூங்கோதை அம்மாளின் மூன்று பிள்ளைகளையே சொல்கிறோமே: மூத்தவனுக்குப் பள்ளியில் சாதிப் பட்டம், இரண்டாமவனுக்குத் தந்தை பெயர், மூன்றாவது பெண்ணுக்குத் தாத்தா பெயர். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வக்கீலைத் தேட வேண்டியிருக்கிறது.

அச்சமும் இதில் ஒரு பங்கு. 1960-களில் 'மார்மிக்' வார இதழ் இந்நகர நிறுவனங்களில் உயர்பதவியிலிருந்த வெளிமாநிலத்தார், முக்கியமாகத் தென்னாட்டார், பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. 1966இல் சிவசேனை தோன்றியது. பெயரே அன்று நம்மைக் காட்டிக் கொடுக்கும் சீட்டாயிற்று. அந்தக் காலத்தில் பெயரைச் சுருக்கிக் கொண்ட பெரியவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். பிழைத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஆனால் அச்சத்தில் செய்ததைப் பிள்ளைகளுக்குப் பழக்கமாக விட்டுச் செல்லக் கூடாது.

"சாதிப் பட்டத்தை விட்டால் இட ஒதுக்கீடு என்னாவது?" என்று ஒரு தோழர் கேட்டார். ஒன்றும் ஆகாது. சலுகைக்குச் சான்று சாதிச் சான்றிதழ். குடும்பப்பெயர் அதற்குச் சான்றாகாது. "மராத்தியர் வழக்கப்படி நடந்தால் என்ன? இது அவர்கள் மண்ணாயிற்றே" என்று இன்னொருவர் கேட்டார். உண்மை, இது பூலேயும் அம்பேத்கரும் பாடுபட்ட மண். அவர்கள் மொழியைப் படிப்போம், அவர்கள் எழுத்தில் பெயரை எழுதுவோம். ஆனால் சாதியை ஒழிக்கச் சொன்ன அவ்விருவர் மண்ணில், சாதியைச் சேர்த்துக் கொள்வதா மரியாதை?

உலகம் எப்படிச் செய்கிறது?

படிவத்துக்காகப் பெயர் மாற வேண்டுமா, பெயருக்காகப் படிவம் மாற வேண்டுமா? உலகில் இரண்டு வழியும் உண்டு.

1940இல் ஜப்பானிய ஆட்சி, கொரிய மக்களை ஜப்பானிய முறைக் குடும்பப்பெயர் சூட்டிக் கொள்ள வைத்தது. 1984-85 குளிர்காலத்தில் பல்கேரிய அரசு, அங்கே வாழ்ந்த துருக்கியர் பெயர்களைப் பல்கேரியப் பெயர்களாக மாற்றியது. 1989இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இரண்டு ஆட்சிகளும் வீழ்ந்தன. இரண்டு மக்களும் முதல் வேலையாகப் பழைய பெயரை மீட்டுக் கொண்டார்கள்.

மற்றொரு வழி மலேசியாவுடையது. அங்கே தமிழன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்று மலாய் மொழியில் சுருக்கெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். குடும்பப்பெயர்த் தொல்லையே இல்லை. ஐஸ்லாந்து நாட்டிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பதே வழக்கம். அந்நாட்டுத் தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிடப்பட்டது. அரசாங்கமும் நடந்தது, தபாலும் போய்ச் சேர்ந்தது. ஆகவே குடும்பப்பெயர் இல்லாமல் கணினி ஓடாது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

நம் மகாராஷ்டிரத்திலேயே படிவம் மாறவில்லையா? 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டுமென்று மாநில அரசு முடிவு செய்தது. தாயின் பெயருக்கு இடம் கிடைத்ததை நாம் வரவேற்கிறோம். தாய்க்கு ஒரு கட்டம் சேர்க்க முடிந்த அரசால், குடும்பப்பெயர் இல்லாதவனுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட முடியாதா?

நாம் செய்ய வேண்டியவை

கோரிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நாளைக் காலையில் நாம் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது: குழந்தை பிறந்தவுடன், ஆஸ்பத்திரிப் படிவத்திலேயே பெயரைத் தீர்மானித்து எழுதுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். பெயரில்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், சோம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவது: ஒரு வீட்டுக்கு ஒரு முறை. தந்தை பெயரைக் கடைசியில் எழுதுவதென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே எழுதுங்கள். தாய் பெயரை எழுதினாலும் நன்றே. சாதிப் பட்டம் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது: முதலெழுத்தை விரித்து எழுதுங்கள். ஊரில் 'ச.' என்றால் போதும்; இங்கே ஓரிடத்தில் 'எஸ்' என்றும் ஓரிடத்தில் சண்முகம் என்றும் இருந்தால் இருவராகிவிடுவீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு இருந்தவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைய அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகளின் அறிவிப்பு வந்தபோது, வளைகுடா செல்லும் நம் பிள்ளைகள் பட்ட தவிப்பு நினைவிருக்கட்டும்.

நான்காவது: ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரைத் தமிழிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். எந்த அலுவலகத்திலும் வாயால் சொல்லாதீர்கள், தாளைக் காட்டுங்கள். மராத்தியில் எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

ஐந்தாவது: ஏற்கனவே குழம்பியிருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஆகவே எது சரியென்று முடிவு செய்துகொண்டு போங்கள். பெரிய மாற்றமென்றால் மாநில அரசிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தாராவியில் 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. செம்பூரிலும் கோவண்டியிலும் ஆங்காங்கே இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்த பிறகு காகிதம் திருத்த ஓடுவது, வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

தோழர்களே, அந்தப் பூங்கோதை அம்மாள் வழக்கு இன்னும் முடியவில்லை. நான்கு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போடச் சொன்னோம். அந்த அம்மா தமிழிலே, நிறுத்தி நிதானமாக, 'ச. பூங்கோதை' என்று எழுதினார். "அந்த 'ச' யாரம்மா, உங்கள் வீட்டுக்காரரா?" என்று கேட்டோம். "அவரும் 'ச'தான், எங்க ஐயாவும் 'ச'தான். இது எங்க ஐயா போடச் சொல்லிக் கொடுத்தது" என்றார்.

எந்தக் காகிதத்திலும் இல்லாத அவருடைய தந்தை, அந்த ஓர் எழுத்தில் இருந்தார். பட்டமில்லாமல், வாலில்லாமல் இருந்தார். அந்த எழுத்துக்கு இந்நகரத்துப் படிவங்களில் இடம் வாங்கிக் கொடுப்பது நம் கடமை. அதுவரை, கேட்கிறவர்களுக்குத் தக்கபடி நம் பெயரை வளைத்துக் கொள்வோம். அதை முறிக்க யாருக்கும் இடம் கொடுக்க மாட்டோம்.